மணல் பூசிய படிக்கட்டு

போன வாரம் என் மகள் முழங்கையில் சிராய்ப்போடு வந்து நின்றாள். எங்கே விழுந்தாய் என்று கேட்டேன். "மாடிப் படியில" என்றாள். வேறு எந்தத் தாயும் முதலில் கையைத்தான் பார்த்திருப்பாள். நான் அவளை வாசலிலேயே நிறுத்திவிட்டுப் படியைப் பார்க்க ஓடினேன். ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி இறங்கினேன். திரும்புகிற இடத்தில் கால் சறுக்கியது. சறுக்கியதும் மனதுக்குள் ஒரு நிம்மதி பரவியது. குழந்தை விழுந்த படி வழுக்குகிறது என்று தெரிந்து ஒருத்திக்கு நிம்மதி வருமா? எனக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் அவள் கையைக் கழுவி மருந்து போட்டேன். நான் செய்தது சரியா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

விழுப்புரத்தில் இப்போது நாங்கள் குடியிருக்கும் வீட்டின் வெளிப்படிகள் வழவழப்பானவை. மழை நாளில் நானும் மகளும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கிழவிகளைப் போல இறங்குவோம். வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு, படிக்குப் பெயிண்ட் அடித்து அதில் மணல் தூவும் வேலையை நானே செய்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். டப்பாவின் மூடியைத் திறந்ததும், அந்த வாசனையோடு திண்டிவனத்து அம்மா எதிரில் வந்து நின்றுவிட்டார்.

திருமணமான புதிதில் திண்டிவனத்தில் அவருடைய வீட்டு மாடியில் குடியிருந்தோம். அவர் கீழே தனியாக இருந்தார். கிளியனூர் பக்கத்தில் பிறந்தவர். கணவர் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகியிருந்தது. எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலை மண்டியில் பெண்களை வைத்து மூட்டை பிரிக்கிற வேலை வாங்கி, அந்தக் காசில் கட்டிய வீடு. மண்டி இரைச்சலில் பேசிப் பழகிய தொண்டை. ஞாயிறு காலை மாதா கோயிலில் அவர் செபம் சொன்னால் சாமியாரே ஒரு கணம் நிறுத்திக் கேட்பார் என்று தெருவில் சொல்வார்கள். வலது கை மோதிர விரல் மட்டும் கோணலாக வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். ஒருமுறை கேட்டேன். "கதவுல மாட்டிக்கிச்சு" என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

பி.எட். படித்துவிட்டுக் கைக்குழந்தையோடு வீட்டில் இருந்த என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏய் பி.எட்டு, துணி காயுது பாரு, மழ வருது" என்றுதான் கீழேயிருந்து குரல் வரும்.

அவரைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்ல வேண்டுமென்றால் இதைச் சொல்வேன். யார் எதைச் சொன்னாலும் அந்த அம்மா அதை அப்படியே எடுத்துக்கொள்வார். ஒரு பேச்சுக்குச் சொல்வது என்பது அவரிடம் கிடையாது.

மரக்காணம் பக்கத்திலிருந்து வண்டியில் மீன் கொண்டுவரும் ஒருவர் உண்டு. நாங்கள் குடிவந்த புதிதில் அவர் கூடையைத் திறந்து, "இன்னிக்கிப் புடிச்சதும்மா. நேத்து மீனா இருந்தா என்னைச் செருப்பால அடிங்க" என்றார். அந்த அம்மா ஒரு மீனை எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்தார். முகர்ந்தார். மீனைக் கூடையில் வைத்தார். குனிந்து செருப்பைக் கழற்றி அவர் தோளில் ஓங்கி இரண்டு வைத்தார். தெருவே நின்றுவிட்டது.

"ஏம்மா! ஒரு பேச்சுக்குச் சொன்னா இப்டியா?"

"பேச்சுக்குன்னா வேற எதுனா பேசு. செருப்ப எதுக்கு இழுக்கற?"

மறுநாள் மீன்காரர் வராமல் போவார் என்று நினைத்தேன். வந்தார். கூடையை இறக்கிவைத்துக் கையைக் கட்டிக்கொண்டு, "இன்னிக்கி மீனு. சத்தியம்லாம் பண்ண மாட்டேன், நீயே பாத்துக்கோ" என்றார். அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் திட்டாத நாள் இல்லை.

இன்னொன்று சிரிக்கிற மாதிரி இருக்காது. பின்பக்கத்து அறையில் வாடகைக்கு இருந்த ஒருவர் குடித்துவிட்டு வந்து, "உன் வூடு ஒரு வூடா? நாளைக்கே காலி பண்றேன், போ" என்று கத்தினார். மறுநாள் காலை அவருடைய பாய், அடுப்பு, மின்விசிறி எல்லாம் தெருவில் கிடந்தன. அவர் கல்லை எடுத்து ஜன்னலை உடைத்தார். அந்த அம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்து இரும்புக் கேட்டில் மோதினார். ஒரு தடவை இல்லை. "நீதான சொன்ன? நீதான சொன்ன?" என்று கேட்டுக்கொண்டே மோதினார். மேலே நான் குழந்தையின் காதுகளைப் பொத்திக்கொண்டு நின்றேன். எலும்பு இரும்பில் படுகிற சத்தம் பொத்திய கைக்குள்ளும் அவளுக்குக் கேட்டிருக்கும்.

அந்த நாட்களில் என் பயம் இரண்டாகப் பிரிந்திருந்தது. மேலே இருக்கும்போது என் கணவரிடம் பயம். கீழே இறங்கினால் அந்த அம்மாவிடம் பயம். நடுவில் படிக்கட்டு.

என் கணவர் ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் வேலை பார்த்தார். வெளியில் யாரைப் பார்த்தாலும் கை கூப்புவார். 'அவர்' என்றுதான் இன்றைக்கும் எனக்கு எழுத வருகிறது. வீட்டில் கதவைச் சாத்திவிட்டு அடிப்பார். ஏன் என்று யோசித்து யோசித்து நான் என்னையே திருத்திக்கொண்டிருந்தேன். சோறு குழைந்திருக்கக் கூடாது, குழந்தை அழுதிருக்கக் கூடாது, நான் அந்த நேரத்தில் பதில் சொல்லியிருக்கக் கூடாது. வீட்டுக் காரியத்தை வெளியில் கொண்டுபோகாதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். அதனால் உதடு கிழிந்து கீழே போன முதல் நாளில், "படியில வழுக்கிட்டேம்மா" என்றேன்.

அந்தப் படிக்கட்டு அந்த அம்மாவின் பெருமை. தெருப்பக்கம் பார்த்து வெளியே ஏறும். சிவப்பு ஆக்சைடு போட்டு இழைத்தது. வெள்ளிக்கிழமைதோறும் தேங்காயெண்ணெயைத் துணியில் தொட்டு ஒவ்வொரு படியாகத் துடைப்பார். வெயிலில் முகம் பார்க்கலாம் போல மின்னும்.

"என் படியிலயா?" என்றார். என் உதட்டைப் பார்த்தார், படியைப் பார்த்தார். அந்த வெள்ளிக்கிழமை எண்ணெய்க் கிண்ணம் வெளியே வரவில்லை.

அடுத்த முறை என் கை வீங்கியிருந்தது. மழைக்காலம். "பாசி பிடிச்சிருக்கும்மா" என்றேன். மறுநாள் விடிந்ததும் பிளீச்சிங் பவுடரைக் கொட்டித் தென்னைநாரால் தேய்க்கத் தொடங்கிவிட்டார். வேலைக்குக் கிளம்பிய என் கணவர் ஓரமாக இறங்கிக்கொண்டே, தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்: "படிய கொஞ்சம் சரி பண்ணிக் குடுங்கம்மா. குழந்த இருக்கற வீடு. இவளுக்கும் பாத்து எறங்கத் தெரியல."

"பண்ணிட்டாப் போச்சு தம்பி" என்றார் அந்த அம்மா.

என் கணவர் சொன்னதையும் அப்படியே எடுத்துக்கொண்டார். பெயிண்ட் கடையில் விசாரித்து, செங்கல் நிறத்தில் தரைப் பெயிண்டும், ஒரு கூடை ஆற்று மணலும் வந்து இறங்கின. செத்துப்போன கணவரின் சட்டையைப் புடவைமேல் மாட்டிக்கொண்டு அவரே குனிந்து அடித்தார். ஈரம் காய்வதற்குள் மணலைத் தூவினார். நாங்கள் ஏறி இறங்க வேண்டுமே என்று ஒரு நாள் வலப்பாதி, மறுநாள் இடப்பாதி. வாரம் முடிவதற்குள் அத்தனையும் பாம்புச் சட்டை போல உரிந்து வந்துவிட்டது. இத்தனை வருட வெள்ளிக்கிழமைகளின் எண்ணெயையும் அந்தப் படிகள் குடித்து வைத்திருந்தன. மேலே எதுவும் ஒட்டவில்லை.

அன்று அவருக்கு வந்த கோபத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மனிதரை அடிப்பது போலப் படியை அடித்தார். கடப்பாரை முனையால் கொத்தினார். சலவைச் சோடாவைக் கொட்டிக் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினார். உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து விரல் முட்டிகளில் ரத்தம் வந்தது. "வழுக்குவியா? பொம்பளையத் தள்ளுவியா? தள்ளுவியாடி?" என்று அவர் கேட்க, நான் மேலே கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். படியிடம் கேட்கிறாரா, வேறு யாருக்காவது கேட்கட்டும் என்று கேட்கிறாரா? அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

இரண்டாம் முறை பெயிண்ட் ஒட்டியது. ஆனால் ஆத்திரத்தில் மணலைச் சலிக்க மறந்திருந்தார். படி கொத்திய அம்மி மாதிரி ஆகிவிட்டது. வெறுங்காலில் இறங்கினால் குதிகால் எரியும்.

"குத்துதும்மா" என்றேன்.

"குத்தட்டும்" என்றார். "குத்துனா செத்துட மாட்ட."

தவழ்கிற குழந்தை வெளியே வந்துவிட்டால் முழங்கால் என்ன ஆகும் என்று பயந்து வாசலில் பலகையைக் குறுக்கே வைத்தேன். அவர் அன்று மாலை ஒரு வாளி சோப்புத் தண்ணீரைப் படி முழுக்க ஊற்றிவிட்டு, வேலையிலிருந்து வந்த என் கணவரை நிறுத்தினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் இருந்தார்கள்.

"ஏறிப் பாரு தம்பி. வழுக்குதா?"

அவர் சிரித்துக்கொண்டே ஏறினார். "இல்லம்மா. சூப்பரா இருக்கு."

"எறங்கிப் பாரு. இப்ப?"

"வழுக்கவே வழுக்காதும்மா."

"எல்லாரும் கேட்டுக்கினீங்களா? வழுக்காதாம்" என்றார் அந்த அம்மா.

அன்றிரவு, இனி கீழே போனால் என்ன சொல்வேன் என்பதுதான் கவலை. அடி விழாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று கூட நான் யோசிக்கவில்லை. சொல்வதற்கு ஒன்று இருந்தது, அது பறிபோய்விட்டது என்றுதான் யோசித்தேன்.

ஒரு ஞாயிறு மதியம். குழந்தை எட்டிப் பிடித்து இழுத்ததில் என் கணவருடைய போன் கீழே விழுந்து கண்ணாடி விரிசல் விட்டது. அவர் கையில் எவர்சில்வர் சொம்பு இருந்தது. அந்தக் கை அதுவரை என்மேல்தான் இறங்கியிருக்கிறது. அன்று குழந்தையை நோக்கி இறங்கியது. நான் நடுவில் தலையைக் கொடுத்தேன். புருவம் பிளந்தது. குழந்தையின் தலைமுடியெல்லாம் என் ரத்தம். அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, பலகையைக் காலால் தள்ளிவிட்டு இறங்கினேன். வெறுங்கால். ஒவ்வொரு படியும் குத்தியது.

கீழே அந்த அம்மா மீன் வாங்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"படியா?" என்றார்.

மேலே கதவருகில் என் கணவர் வந்து நின்றார். "பாத்து எறங்குன்னா கேக்கறதே இல்ல. வழுக்கி விழுந்துட்டாம்மா."

"நீதான தம்பி வழுக்காதுன்ன?"

"அது… குழந்தையத் தூக்கிக்கினு அவசரமா எறங்குனா… சத்தியமாம்மா. படியிலதான் விழுந்தா. பொய்யின்னா என்னைச் செருப்பால அடிங்க."

"ஐயோ சார்!" என்று மீன்காரர் கத்தியைக் கீழே போட்டுவிட்டார். "அந்த வார்த்தைய மட்டும் அவங்ககிட்ட சொல்லாதீங்க சார்!"

அந்த அம்மா மேலே பார்க்கவில்லை. என்னையே பார்த்தார். "ஏய் பி.எட்டு. நீ சொல்லு. படியா?"

'படி' என்கிற சொல் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லியிருந்தால் மேலே போய் முகம் கழுவிக் குழம்பு வைத்திருப்பேன். குழந்தை என் கழுத்தைப் பிடித்த பிடி வலித்தது. அடுத்த முறை இந்தச் சின்னத் தலைக்கு யார் என்ன சொல்வார்கள்? இவளும் படியில் விழுந்தாள் என்றா?

"படியில்ல" என்றேன்.

அந்த அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினார். முதல் அடி முகத்தில் விழுந்தது. என் கணவர் அவர் கொண்டையைப் பிடித்து இழுத்தார். முடி கையோடு வந்தது. அந்த அம்மா சட்டைக் காலரைப் பிடித்து அவரைப் படியில் இழுத்துக்கொண்டு இறங்கினார். அவருடைய முழங்கால்களும் உள்ளங்கைகளும் அந்தச் சலிக்காத மணலில் உரசி உரசி வந்தன. பேன்ட் கிழிந்து தோல் சுருண்டது. "வழுக்குதா? சொல்றா, வழுக்குதா?" ஒவ்வொரு படிக்கும் ஒரு அடி.

"வழுக்கல! வழுக்கலம்மா!" என்று அவர் அழுதார்.

குழந்தை வீரிட்டாள். நான், "போதும்மா, விட்டுடுங்க, போதும்" என்று கத்தினேன். யாருக்காகக் கத்தினேன் என்று சொல்லத் தெரியவில்லை. மீன்காரர்தான் அந்த அம்மாவின் இடுப்பைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். அந்த அம்மாவின் மூக்கில் ரத்தம். படிகளில் செங்கல் நிறத்தின்மேல் வேறொரு சிவப்பு, மணலுக்குள் இறங்கி நின்றது.

நான் விழுப்புரத்தில் என் அப்பா வீட்டுக்கு வந்தேன். சில நாளில் என் கணவரும் அவர் வீட்டாரும் பேச வந்தார்கள். பேசியதெல்லாம் செருப்பைப் பற்றித்தான். படித்த பையனை ஒரு பொம்பளை நடுத்தெருவில் செருப்பால் அடித்ததைப் பற்றி. என் புருவத்துத் தையலைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அப்பாவும் தலையாட்டத் தொடங்கியிருந்தார். "ரெண்டு பக்கமும் தப்பு இருக்கும்மா" என்றார் என்னிடம். எனக்கும் அப்படித்தான் இருக்குமோ என்று தோன்றிக்கொண்டிருந்தது.

அப்போது வாசலில் அந்தக் குரல் கேட்டது. கோயிலுக்குக் கட்டும் வெள்ளைப் புடவையில், திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். யார் கூப்பிட்டார்கள் என்று தெரியாது. கதவோரமாகத் தரையில் உட்கார்ந்தார். என் கணவர் நாற்காலியைச் சற்றுப் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

அவருடைய தாய்மாமன் பேச்சை முடிக்கப் பார்த்தார். "பொண்ண அனுப்பி வைங்க. இனிமே எங்க பையன் கை ஓங்குனா, அந்தக் கைய வெட்டிப் போட்டுடுங்க."

"சரி" என்றார் அந்த அம்மா.

எல்லோரும் கதவோரம் பார்த்தார்கள்.

"ஆனா நீ சொல்லக் கூடாது பெரியவரே. கைக்காரன் சொல்லட்டும்." என் கணவர் பக்கம் திரும்பினார். "தம்பி, இனிமே அடிச்சா என் கைய வெட்டுன்னு எங்கிட்ட சொல்லு. நீ சொல்லிட்டீன்னா நானே இவளக் கூட்டிக்கினு வந்து உன் வூட்ல வுட்டுட்டுப் போறேன்."

குரலை உயர்த்தவே இல்லை. அவரிடம் நான் அப்படியொரு மெதுவான குரலைக் கேட்டது அன்று மட்டும்தான்.

"ஒரு வார்த்ததானடா, சொல்லிட்டு வாயேன்" என்றார் மாமா. "சும்மா ஒரு பேச்சுக்கு."

என் கணவர் தன் வலது கையைப் பார்த்தார். உள்ளங்கையில் மணல் கீறிய இடமெல்லாம் பொருக்கு விட்டிருந்தது. பிறகு அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தார். கையை மடித்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

என் அப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "பொண்ண அனுப்பல" என்றார்.

பஸ் ஏற்றிவிட நான்தான் கூடப் போனேன். பேருந்து நிலையத்தில் என் மகளுக்கு ஒரு பாக்கெட் வறுத்த மல்லாட்டை வாங்கி, தோலை ஊதி ஊதி, அந்தக் கோணல் விரலால் ஒவ்வொன்றாக வாயில் வைத்தார். நன்றி சொல்ல வேண்டும் என்று இருந்தது. எதற்கு என்று சொல்வது? ஒரு மனிதரைத் தோல் உரிய இழுத்ததற்கா? என் வாயில் வந்தது வேறு.

"இது கதவுல மாட்டிக்கிட்டதுதானேம்மா?"

அவர் விரலைத் திருப்பிப் பார்த்தார். "ஆமா. கதவுன்னுதான் எல்லார்கிட்டயும் சொன்னேன். எங்க ஆத்தாகிட்ட, மண்டியில, சாமியார்கிட்ட." இன்னொரு மல்லாட்டையை ஊதினார். "ஒருத்தரும் அந்தக் கதவ வந்து பாக்கல."

திண்டிவனம் பஸ் வந்தது. "ஏய், தள்ளுய்யா, ஜல்தியா ஏறு, வழிய அடைச்சிக்கினு" என்று முன்னால் நின்றவரின் முதுகில் ஒரு குத்து விட்டு ஏறிப்போனார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

என் மகளுக்கு எதுவும் ஞாபகம் இல்லை என்று நினைக்கிறேன். ஆனால் யாராவது எங்கேயாவது சத்தமாகப் பேசினால் காதைப் பொத்திக்கொள்கிறாள். அந்த அம்மாவைப் பற்றி அவளிடம் எப்படிச் சொல்வது? நல்லவர் என்றா, அடிக்கிறவர் என்றா? சொல்ல ஆரம்பித்துப் பலமுறை நிறுத்தியிருக்கிறேன்.

இந்த ஞாயிறு மணலை இரண்டு முறை சலித்தேன். பள்ளிக்குழந்தையின் பாதத்துக்கு ஏற்ற மாதிரி இருக்கட்டும் என்று. ஒரு நாள் வலப்பாதி, மறுநாள் இடப்பாதி. நேற்று நல்ல மழை. மகளை வெறுங்காலில் நிற்கவைத்து, இறங்கச் சொல்லிவிட்டு நான் கீழே நின்றேன். கைப்பிடியைப் பிடிக்காமல் தடதடவென்று இறங்கி வந்தாள்.

"வழுக்குதா?"

"இல்லம்மா. ஆனா லேசாக் குத்துது."

இன்னொரு பூச்சு மேலே அடித்தால் மழுங்கிவிடும். டப்பாவில் பெயிண்ட் மீதி இருந்தது. தூரிகையைக் கையில் எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தேன்.

"குத்தட்டும்" என்றேன். டப்பாவை மூடினேன்.